ஆபர்ன் தெருவின் வீடுகளும் அவற்றில் வாழ்ந்தோரும்

(வெள்ளி விழாவின் இரண்டாம் நாள் நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)

 

கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் வீடுகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அவையும் கடல் கடந்த நாட்டு வீடுகள். அமெரிக்க ஐக்கிய நாட்டில், ஜார்ஜியா மாநிலத்தின் தலைநகராகிய அட்லாண்டாவில் ஆபர்ன் அவென்யூ என்றொரு தெரு உண்டு. அதன் கிழக்குப் பகுதியில் சற்றேறக்குறைய நூறாண்டுகளுக்கும் மேலாக நின்றுகொண்டிருக்கும் மரவீடுகளைப் பற்றியே இன்று சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன். இந்தத் தலைப்புக்கும் இந்த மேடைக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வினவலாம்.

தொடர்பு உண்டு. மார்ட்டின் லூதர் கிங் 1959ஆம் ஆண்டு இந்தியாவுக்கு வந்தபோது திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்குச் சென்றார். அங்கே பயின்றவர்கள் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள். அப்பள்ளியின் தலைமை ஆசிரியர் அவரை அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு தீண்டத்தகாதவர் என்று அறிமுகப்படுத்தினாராம். முதலில் அச்சொல் அவரைத் திடுக்கிடச் செய்தது. பிறகு தம் நாட்டில் சேரிகளில் அடைபட்டுக் கிடக்கும் தம் மக்களை எண்ணிப் பார்த்து, ஆம், நானும் தீண்டத்தகாதவனே என்று தமக்குள் ஒப்புக்கொண்டார். இதனை 1965 ஜூலை 4ஆம் நாள் எபனேசர் ஆலயத்தில் ஆற்றிய உரையில் அவரே எடுத்துரைத்தார். அந்த ஆலயம் நிற்பது இதே ஆபர்ன் தெருவில். அதே தெருவில் சிறிது தூரத்தில் நிற்கிறது அவர் பிறந்த வீடு. நம் பிள்ளைகளின் கதை சொல்லப்பட்ட தெரு அது. ஆதலின் அத்தெருவின் கதையை நாம் அறிந்துகொள்வது முறையே ஆகும்.

தெரு கைமாறிய வரலாறு

இத்தெருவுக்கு முதலில் வீட் தெரு என்று பெயர். 1893இல் ஆபர்ன் அவென்யூ எனப் பெயர் மாற்றப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதன் கிழக்குப் பகுதியில் வீடு கட்டிக் குடியேறியவர்கள் பெரும்பாலும் நடுத்தர வெள்ளையர்கள். 1894இல் அவர்களுக்காகவே செங்கல்லில் ஒரு தீயணைப்பு நிலையமும் எழுந்தது. ஆறாம் எண் நிலையம் எனப்படும் அந்தக் கட்டடம் இன்றும் தெருமுனையில் நிற்கிறது.

1906 செப்டம்பரில் அட்லாண்டாவில் பெருங்கலவரம் மூண்டது. கறுப்பின ஆடவர்கள் வெள்ளைப் பெண்களைத் தாக்கினர் என்று ஆதாரமற்ற செய்திகளை நாளேடுகள் அடுத்தடுத்து வெளியிட்டன. வெறிகொண்ட கூட்டம் டிராம் வண்டிகளை நிறுத்திக் கறுப்பினப் பயணிகளை இழுத்துப் போட்டு அடித்தது, கடைகளைச் சூறையாடியது. குறைந்தது 25 கறுப்பின மக்கள் உயிரிழந்தனர். அதற்குப் பின் நகரின் நடுவிடத்தில் கடை வைத்திருந்த கறுப்பின வணிகர்கள் பலர் பாதுகாப்பு நாடி ஆபர்ன் தெருவுக்கு வந்தனர். தெருவின் கிழக்குப் பகுதியில் இருந்த வெள்ளைக் குடும்பங்களோ ஒவ்வொன்றாக வெளியேறின. அவர்கள் காலி செய்த வீடுகளைக் கறுப்பினக் குடும்பங்கள் விலைக்கு வாங்கின. அல்லது வாடகைக்கு எடுத்தன.

1913இல் அட்லாண்டா நகர ஆட்சி, எந்த இனத்தார் எந்தத் தெருவில் வசிக்கலாம் என்று வரையறுத்துச் சட்டமே இயற்றியது. 1917இல் லூயிவில் நகர வழக்கொன்றில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இத்தகைய சட்டங்கள் செல்லா என்று தீர்ப்பளித்தது. ஆயினும் சட்டம் விலகிய இடத்தில் வழக்கம் காவல் நின்றது. நகரில் வேறிடம் கிடைக்காத ஒரு மக்கள் கூட்டம் சில தெருக்களுக்குள் நெருங்கி வாழ வேண்டியதாயிற்று. ஊர் என்றும் சேரி என்றும் பிரித்த நிலத்தில் பிறந்த நமக்கு இதனை விரித்துச் சொல்ல வேண்டுவதில்லை.

அந்த 1917ஆம் ஆண்டிலேயே மே 21ஆம் நாள் அந்த வட்டாரத்தில் பெருந்தீ பரவியது. ஏறத்தாழ 300 ஏக்கர் பரப்பு எரிந்தது. 10,000 பேர் வீடிழந்தனர். தீயின் வழியை அடைக்க வீடுகளையே வெடிவைத்துத் தகர்த்தார்கள். கிங் பிறந்த வீடும் அதன் அண்டை வீடுகளும் அத்தீயிலிருந்து தப்பியவை.

இருவகை வீடுகள்

இனி வீடுகளின் அமைப்பைக் காண்போம். இத்தெருவில் எதிரெதிரே இருவகை வீடுகள் உள்ளன.

முதல்வகை, குயீன் ஆன் பாணி எனப்படும் இரண்டடுக்கு வீடு. 501 எண்ணுள்ள வீடு இவ்வகையினது; 1895இல் ஒரு வெள்ளைக் குடும்பத்துக்காகக் கட்டப்பட்டது. மரச்சட்டங்களை நிறுத்தி, அவற்றின்மேல் பலகைகளை ஒன்றன் விளிம்பு மற்றொன்றின்மேல் படியுமாறு அறைந்து சுவரமைத்திருக்கிறார்கள். மழைநீர் உள்ளே இறங்காமல் வழிந்தோடுவதற்கு இதுவே வழி. முகப்பு இருபுறமும் ஒத்திராது. ஒருபுறம் முக்கோண முகட்டோடு முன்னே வரும், மறுபுறம் பின்னே ஒதுங்கும். முகட்டின் ஓரங்களிலும் வராந்தாத் தூண்களிலும் மரச் சித்திர வேலை உண்டு. வாயிலைக் கடந்தால் கூடம், படிப்பறை, உணவறை, சமையலறை; மாடியில் படுக்கை அறைகள்; தரைக்குக் கீழே நிலக்கரி கொட்டிவைக்கும் நிலவறை. ஒவ்வொரு செயலுக்கும் ஓர் அறை உண்டு என்பதும், ஓர் அறையில் உறங்குபவரை எழுப்பாமல் மற்றோர் அறைக்குச் செல்லலாம் என்பதுமே இவ்வீட்டின் இலக்கணம்.

இரண்டாம் வகை, இதற்கு எதிர்ச்சாரியில் நிற்கும் ஒற்றையடுக்கு வரிசை வீடுகள். இவற்றை 1905இல் எம்பயர் டெக்ஸ்டைல் கம்பெனி தன் வெள்ளைத் தொழிலாளர்களுக்காகக் கட்டியது. இவற்றுக்கு ஷாட்கன் வீடு என்று பெயர். அறைக்குப் பின் அறை, அதற்குப் பின் அறை என்று நேர்கோட்டில் அமைந்திருக்கும். நடைவழி என்று தனியே ஒன்றும் கிடையாது. முன்வாசலில் நின்று துப்பாக்கியால் சுட்டால் குண்டு எங்கும் படாமல் பின்வாசல் வழியே போய்விடும் என்று வேடிக்கையாகச் சொல்லி வைத்த பெயர் இது. ஆபர்ன் தெருவில் இருப்பவை இரட்டை வீடுகள். ஒரே கூரையின்கீழ், நடுச்சுவர் ஒன்றையே பொதுவாகக் கொண்டு, இரண்டு குடும்பங்கள் வாழ்வதற்காகக் கட்டப்பட்டவை. கடைசி அறைக்குப் போக வேண்டுமானால் முன் அறைகளில் படுத்திருப்பவரைத் தாண்டித்தான் போகவேண்டும். தனிமை என்பது அங்கே கிடைக்காத பொருள். ஆகையினால் முன் வராந்தாவே அவர்களுக்குக் கூடமாயிற்று. மாலை வேளையில் குடும்பம் முழுவதும் அங்கேதான் அமர்ந்திருக்கும். நம் ஊர்த் திண்ணையைக் கண்டவர்களுக்கு இது புதுமையன்று.

இவ்வீட்டு வகையின் பிறப்பைப் பற்றிச் சுவையான ஆராய்ச்சி ஒன்று உண்டு. ஜான் மைக்கேல் வ்லாக் என்னும் அறிஞர் இதன் வேர் மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ளது என்றும், அது ஹெய்ட்டித் தீவு வழியாக நியூ ஆர்லியன்ஸ் நகருக்கு வந்து, அங்கிருந்து தென்மாநிலங்கள் எங்கும் பரவியது என்றும் 1970களில் எடுத்துக்காட்டினார். ஏழையின் வீடு, கலையற்ற வீடு என்று கட்டடக்கலை நூல்கள் ஒதுக்கிவைத்த ஒன்றுக்கும் கடல் கடந்த ஒரு மரபு உண்டு என்பது இதனால் விளங்கிற்று. ஒடுக்கப்பட்ட மக்கள் எதையும் படைக்கவில்லை என்று எவரேனும் கூறும்போது, முதலில் அவர்கள் குடியிருந்த வீட்டை ஆராய வேண்டும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

வரிசை வீடுகளிலிருந்த வெள்ளைத் தொழிலாளர்களும் 1906க்குப் பின் விலகிப் போயினர். கறுப்பினத் தொழிலாளர்கள் வாடகைக்கு வந்தனர். இவ்வாறு, போதகரும் வணிகரும் வாழ்ந்த மாடி வீட்டுக்கு நேர் எதிரே, கூலித் தொழிலாளி வாழ்ந்த இரட்டை வீடு அமைந்தது. இரண்டு வாசல்களுக்கும் நடுவே ஒரு தெருவின் அகலமே இருந்தது.

அங்கே வாழ்ந்தோர்

501 எண்ணுள்ள வீட்டை 1909இல் 3,500 டாலருக்கு வாங்கியவர் எபனேசர் ஆலயத்தின் போதகராகிய ஆடம் டேனியல் வில்லியம்ஸ். அவருடைய ஒரே மகள் ஆல்பர்ட்டா. இவர் ஹாம்ப்டன் கல்விநிலையத்தில் ஆசிரியப் பயிற்சி பெற்றவர். ஆனால் மணமான பெண்கள் ஆசிரியப் பணியில் இருத்தலாகாது என்பது அக்காலத்து அட்லாண்டாவின் விதி. ஆதலின் மணமானதும் பணியை விட்டார்.

1926இல் ஆல்பர்ட்டாவை மணந்து அவ்வீட்டின் மாடியில் குடியேறியவர் மூத்த மார்ட்டின் லூதர் கிங். மாணவச் செல்வங்கள் இவருடைய கதையைக் கேட்க வேண்டும். வாரத்துக்கு உழுத ஒரு குடியானவரின் மகன். ஸ்டாக்பிரிட்ஜ் என்னும் சிற்றூரிலிருந்து பிழைப்புத் தேடி நகரத்துக்கு வந்தவர். இருபது வயதைக் கடந்த பின்னர் பிரையன்ட் ஆயத்தப் பள்ளியில் சேரச் சென்றபோது, அவருடைய படிப்பு ஐந்தாம் வகுப்பளவே தேறியது. அவர் நாணவில்லை. பகலில் உழைத்து இரவில் படித்தார். பின் மோர்ஹவுஸ் கல்லூரியில் சேர்ந்து 1930இல் பட்டம் பெற்றார். அதற்குள் 1929 ஜனவரி 15ஆம் நாள் அந்த வீட்டின் மாடி அறையில் அவருடைய இரண்டாம் குழந்தை பிறந்துவிட்டது. உலகம் அறிந்த மார்ட்டின் லூதர் கிங் அக்குழந்தையே. தந்தை பட்டம் பெறும்போது பிள்ளைக்கு வயது ஒன்று. நம் கழகத்தின் இரவுப் பள்ளிகளில் காலங்கடந்து எழுத்தறிந்த தந்தையர்கள் இதனை நினைவில் வைக்கலாம்.

அவ்வீட்டில் உணவுக்கு அமருமுன் ஒவ்வொரு பிள்ளையும் வேத வசனம் ஒன்றை ஒப்புவிக்க வேண்டும். நிலவறையிலிருந்து அடுப்புலைக்கு நிலக்கரி அள்ளிப் போடுவது ஆண்பிள்ளைகளின் கடமை. ஆறு வயதில் கிங் முதன்முதலில் நிறவேற்றுமையை அறிந்துகொண்டதும் அத்தெருவிலேதான். வீட்டுக்கு எதிரே கடை வைத்திருந்த வெள்ளையர் ஒருவருடைய மகன் அவருக்கு விளையாட்டுத் தோழன். பள்ளியில் சேரும் வயது வந்ததும் இருவரும் வெவ்வேறு பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டனர். இனி உன்னோடு விளையாடக் கூடாது என்று தோழனைத் தந்தை தடுத்துவிட்டார். அன்றிரவு உணவு மேசையில்தான் பெற்றோர் அடிமைமுறையின் வரலாற்றைப் பிள்ளைக்கு எடுத்துச் சொன்னார்கள். நீ யாருக்கும் தாழ்ந்தவன் அல்லன் என்று தாய் தேற்றினார். ஆசிரியப் பணி மறுக்கப்பட்ட அந்த அம்மையார் தம் வீட்டையே பள்ளியாக்கினார் என்பது என் கருத்து.

522 எண்ணுள்ள வீட்டை பிரையன்ட்–கிரேவ்ஸ் வீடு என்பர். அங்கே வாழ்ந்த பீட்டர் ஜேம்ஸ் பிரையன்ட் வீட் தெரு பாப்டிஸ்ட் ஆலயத்தின் போதகர். இவரும் ஜேம்ஸ் ஹாப்கின்ஸ் என்னும் மற்றொரு போதகரும் 1904இல் ஒரு சிறு உதவிச் சங்கம் தொடங்கினர். ஏழைகள் வாரந்தோறும் சில காசுகள் கட்டினால் நோய்க்கும் ஈமச்சடங்குக்கும் உதவி கிடைக்கும். அடுத்த ஆண்டே, இத்தகைய சங்கங்கள் 5,000 டாலர் ஈடு கட்டவேண்டும் என்று மாநில அரசு சட்டம் செய்தது. போதகர்களிடம் அத்தொகை இல்லை. அப்போது அச்சங்கத்தை 140 டாலருக்கு வாங்கி, ஈட்டுத் தொகையையும் கட்டியவர் அலான்சோ ஹெர்ன்டன். 1858இல் அடிமையாகப் பிறந்து, முடிதிருத்தும் தொழிலால் பொருள் ஈட்டியவர் இவர். பின்னாளில் அட்லாண்டா லைஃப் என்று புகழ்பெற்ற காப்பீட்டு நிறுவனத்தின் தொடக்கம் இதுதான். அதன் தலைமை அலுவலகமும் ஆபர்ன் தெருவிலேயே அமைந்தது.

இதையடுத்த ஹவல் தெருவில் அலெக்சாண்டர் ஹாமில்டன் என்னும் கறுப்பினக் கட்டட ஒப்பந்தக்காரரின் வீடு நிற்கிறது. பிறருக்கு வீடு கட்டிக் கொடுத்த கைகள் தமக்கும் ஒரு வீடு கட்டிக்கொண்டமைக்கு அது சாட்சி. இணைத் தெருவாகிய ஹூஸ்டன் தெருவில் வாழ்ந்தவர் ஜான் வெஸ்லி டாப்ஸ். ரயில் அஞ்சல் எழுத்தர். ஆபர்னுக்கு இனிய ஆபர்ன் என்று பெயர் சூட்டியவர் இவரே. இவருக்குப் புதல்வியர் அறுவர். அறுவரையும் ஸ்பெல்மன் கல்லூரியில் படிக்க வைத்துப் பட்டதாரிகள் ஆக்கினார். ஒரு மகள் மாட்டிவில்டா உலகப் புகழ்பெற்ற இசைவாணி. மற்றொரு மகளின் மைந்தர் மேனார்டு ஜாக்சன் 1973இல் அட்லாண்டாவின் முதல் கறுப்பின மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அத்தெருவும் பின்னர் டாப்ஸின் பெயரையே பெற்றது.

தெரு பெற்ற பள்ளி

இவர்கள் எல்லாரும் ஒரே வட்டாரத்தில் நெருங்கி வாழ்ந்ததால் விளைந்த பயன் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். 1920களின் தொடக்கம்வரை அட்லாண்டாவில் கறுப்பினப் பிள்ளைகளுக்கென அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றுகூட இல்லை. கட்சிகளின் முதனிலைத் தேர்தலில் அவர்களுக்கு வாக்கு இல்லை. ஆனால் நகரசபை கடன் பத்திரம் வெளியிட மக்களின் ஒப்புதல் கேட்கும் வாக்கெடுப்பில் பங்குகொள்ள முடிந்தது. 1919இல் பள்ளிகளுக்காகக் கடன் திரட்ட நகரசபை முனைந்தபோது, எங்கள் பிள்ளைகளுக்குப் பங்கில்லையானால் எங்கள் வாக்கும் இல்லை என்று கறுப்பின மக்கள் ஒன்றுபட்டு நின்று அதனைத் தோற்கடித்தனர். அந்த முயற்சியின் தலைவர்களுள் ஒருவர் 501ஆம் எண் வீட்டின் வில்லியம்ஸ். பங்கு தருவதாக உறுதி கிடைத்த பின்னரே 1921இல் ஆதரவளித்தனர். 1924இல் புக்கர் டி. வாஷிங்டன் உயர்நிலைப் பள்ளி திறக்கப்பட்டது. அதன் முதல் தலைமை ஆசிரியர் சார்லஸ் ஹார்ப்பர். வில்லியம்ஸின் பெயரன் மார்ட்டின் பின்னாளில் பயின்றது அப்பள்ளியில்தான்.

மாடி வீட்டுக்காரருடைய நாவன்மை மட்டும் இதற்குப் போதாது. வரிசை வீட்டுக்காரருடைய வாக்கும் வேண்டும். இரண்டும் ஒரே தெருவில் இருந்தன. பள்ளி பிறந்தது.

பிரிவும் மறுவாழ்வும்

1941இல் கிங் குடும்பம் அருகிலிருந்த ஒரு செங்கல் வீட்டுக்கு மாறியது. பழைய வீடு வாடகைக்கு விடப்பட்டது. 1950களில் நகரின் மேற்கே காலியர் ஹைட்ஸ் போன்ற புதுக் குடியிருப்புகளைக் கறுப்பினத்தாரே திட்டமிட்டுக் கட்டினார்கள். வசதி பெற்றவர்கள் அங்கே சென்றனர். 1956இல் பார்ச்சூன் இதழ் உலகிலேயே செல்வம் மிக்க கறுப்பினத் தெரு என்று ஆபர்னைப் புகழ்ந்தது. ஆனால் அக்காலத்திலேயே தெரு சரியத் தொடங்கிவிட்டது. அத்துடன் பெருஞ்சாலை ஒன்றை அந்த வட்டாரத்தின் குறுக்கே அமைத்து, கடைத்தெருப் பகுதியையும் குடியிருப்புப் பகுதியையும் இரண்டாகப் பிளந்தார்கள். எதிர்க்கக்கூடிய செல்வாக்குள்ளவர் பலர் வேறிடம் சென்றிருந்த காலம் அது. வீடுகள் பாழடைந்தன, வரிசை வீடுகளில் இருந்த ஏழைகளே எஞ்சினர்.

ஆயினும் ஒன்று காண்க. 1965இல் நோபல் பரிசு பெற்ற பெருமையோடு இருந்த கிங், தமக்கென வீடு வாங்கியபோது செல்வர் குடியிருப்பை நாடவில்லை. ஏழைத் தொழிலாளர் நிறைந்த வைன் சிட்டிப் பகுதியில் எளிய செங்கல் வீடொன்றையே வாங்கினார்.

1968இல் அவர் கொலையுண்ட பின், துணைவியார் கொரெட்டா நினைவு மையம் ஒன்றை நிறுவினார். பிறந்த வீடு 1970களில் பழைய வடிவிலேயே புதுப்பிக்கப்பட்டது. 1980இல் அந்த வட்டாரம் தேசிய வரலாற்றுத் தலமாயிற்று. 2018இல் தேசிய வரலாற்றுப் பூங்கா என்னும் தகுதி பெற்றது. புதுப்பித்தவர்கள் மாடி வீட்டோடு நின்றுவிடவில்லை. 1905இன் வரிசை வீடுகளையும் அதே கருத்தோடு செப்பனிட்டார்கள். பல வீடுகளைக் காட்சிப் பொருளாக்காமல் குடித்தனத்துக்கே விட்டார்கள். 1980இல் தோன்றிய வட்டார வளர்ச்சிக் கழகம் ஒன்று, வீடு புதுப்பிக்கப்படுவதால் அங்கே இருக்கும் ஏழை வெளியேற்றப்படலாகாது என்பதைத் தன் கொள்கையாகக் கொண்டது. இஃது எளிய செயல் அன்று. வீடு அழகானால் வாடகை ஏறும். வாடகை ஏறினால் ஏழை போவான். ஏழை போனபின் எஞ்சுவது வெறும் மரச்சட்டமே.

நமக்குரிய பாடம்

அன்பர்களே! 25 ஆண்டுகளாக நம் கழகம் பிள்ளைகளைப் படிக்க வைத்தது எதற்காக? அவர்கள் குடிசையை விட்டு நல்ல வீட்டுக்குப் போகவேண்டும் என்பதற்காகத்தானே! ஆகையால் போனவரை நான் குறை கூறேன். ஒழுகும் கூரையின்கீழ் ஒருவர் தங்கியிருக்க வேண்டும் என்று கூற எவருக்கும் உரிமையில்லை. ஆனால் எதிரெதிர் வீடுகளில் வாழ்ந்தபோது தானாகவே இருந்த ஒற்றுமை, தொலைவில் போனபின் தானாக இராது. முயன்று காக்க வேண்டும். ஆபர்ன் தெரு தன் பள்ளியைப் பெற்றது ஒன்றாக இருந்தபோது; தெரு பிளக்கப்பட்டது பிரிந்தபோது. இதுவே நான் சொல்ல வந்தது.

இரண்டு வேண்டுகோள்களோடு முடிக்கிறேன். கழகத்தால் கற்று உத்தியோகத்தில் அமர்ந்து நகரங்களில் வாழ்வோர், பழைய தெருவின் ஒரு பிள்ளையின் படிப்பையேனும் தம் பொறுப்பில் ஏற்க வேண்டும். பணம் அனுப்புவதோடு அமையாமல் ஆண்டுக்கு ஒரு முறையேனும் வந்து அப்பிள்ளையின் வாசலில் அமர்ந்து பேசவேண்டும்.

இரண்டாவது, மாணவர்களுக்கு. உங்கள் தெருவில் முதன்முதலில் ஓடு வேய்ந்த வீடு எது, பட்டா பெற்றவர் யார், சுவர் எழுப்பிய கொத்தனார் யார், அந்த வீட்டில் முதலில் பள்ளிக்குச் சென்ற பெண் யார் என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் போதும். பெரிய மாளிகைகளின் வரலாற்றை எழுதப் பலர் உள்ளனர். நம் வீடுகளின் வரலாற்றை நாம் எழுதாவிடில் எழுதுவார் இல்லை. அந்தக் குறிப்பேடுகள் நம் கழகத்தின் நூலகத்தில் இடம்பெறட்டும். பொன்விழாவில் இம்மேடையில் பேச வருபவர் அவற்றை எடுத்துக்கொண்டு வந்து, அட்லாண்டாவின் தெருவை விட்டு நம் தெருவைப் பற்றிப் பேசட்டும்.